பெரியம்மா, அந்தத் துண்டை வெளியே எடுங்கள்

அன்புள்ள பெரியம்மா,

போன ஞாயிற்றுக்கிழமை உவர்மலை வீட்டுக்கு வந்தபோது சாமி அறையில் விளக்கேற்றப் போனேன். பிள்ளையார் படத்துக்குப் பின்னால் கிளினிக் துண்டு செருகியிருந்தது. ஃபுளூ என்கிற இன்புளுவன்சாக் காய்ச்சலுக்கு ஊசி போடச் சொல்லி டொக்டர் எழுதித் தந்த துண்டு. திகதியைப் பார்த்தால் மூன்று கிழமைக்கு முந்தியது. மடிப்பில் விபூதி படிந்திருந்தது. கேட்டதற்கு, "போடுறதா விடுறதா எண்டு யோசிச்சுக்கொண்டிருக்கிறன்" என்றீர்கள். அப்புறம் தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போய்விட்டீர்கள். கதை அத்தோடு நின்றுவிட்டது.

நேரில் தொடங்கினால் நான் குரலை உயர்த்திவிடுவேன், நீங்கள் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். எல்லாரும் வாசிக்கிற மாதிரி எழுதலாமா என்று கேட்டபோது, "எழுது, என்ர பேரைப் போடாதை" என்றீர்கள். போடவில்லை.

உங்கள் முதல் கேள்வி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. "அது பனி கொட்டுற நாட்டுக்காரருக்கு. வெயில் எரிக்கிற திருகோணமலையில எனக்கு என்னத்துக்கு?" கனடாவில் இருக்கும் என் தங்கச்சி ஒவ்வொரு ஒக்டோபரும் வாட்ஸப்பில் உங்களை நெருக்குவதால் வந்த எரிச்சலும் அதில் இருக்கிறது. அவள் இருக்கும் ஒன்டாரியோவில் 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லாருக்கும் இந்த ஊசியை இலவசமாகப் போடுகிறார்கள். அங்கே குளிர்காலம் வருமுன் போட்டுக்கொள்வது பல் விளக்குவது போல ஒரு பழக்கம். எங்கள் ஊரில் அப்படி இல்லை. பிள்ளைகளுக்கு அரசாங்கம் போடும் ஊசிகளின் பட்டியலில் இது கிடையாது, பெரியவர்களும் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். இலவசமாகத் தராததால் தேவையில்லாத ஒன்று என்று நாங்கள் நினைத்துவிடுகிறோம். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி.

ஆனால் இந்தக் காய்ச்சலுக்குப் பனி தேவையில்லை பெரியம்மா. குளிர் நாடுகளில் அது பனிக்காலத்தோடு வந்து போகும். எங்கள் பக்கத்து நாடுகளில் வருடம் முழுக்க அங்கங்கே இருந்துகொண்டே இருக்கும். இலங்கையில் அது கூடும் காலம் பொதுவாக இரண்டு. ஏப்ரலிலிருந்து ஜூன் வரை ஒன்று, நவம்பரிலிருந்து ஜனவரி வரை மற்றது. 2018 மே மாதம் தென் மாகாணத்தில் பிள்ளைகள் இறந்தார்களே, தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு நீங்கள்கூட அன்று சாப்பிடவில்லை. அந்தக் காய்ச்சலுக்குள் இன்புளுவன்சாவும் இருந்தது. காலி, மாத்தறைப் பக்கம் மே மாதத்தில் என்ன பனி? 1918இல் உலகத்தையே உலுக்கிய பெருங்காய்ச்சலும் கப்பலேறி இலங்கைக்கு வந்ததுதான்.

எங்களுக்கு நவம்பர் என்றால் வாடைக்காற்று. கடல் கறுத்து, உட்துறைமுகம் தெரியாமல் மழை மூடி, ஒரு கிழமைக்கு யன்னல் திறக்க முடியாது. உங்கள் விறாந்தையில் காயாத உடுப்பும், இரண்டு சின்னப் பிள்ளைகளையும் சேர்த்து ஆறு பேரும். ஒருவர் இருமினால் மற்ற ஐந்து பேரும் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கவேண்டும். ஊசி வேலை செய்யத் தொடங்க இரண்டு கிழமை பிடிக்கும். இப்போது ஐப்பசி. கந்தசஷ்டி விரதத்துக்கு முன்னால் போட்டால், மழை இறுகும்போது உடம்பு தயாராக இருக்கும்.

சரி, அடுத்தது. "போட்டாலும் வரும்தானே?" வரும். இதில் உங்களுக்கு நான் பொய் சொல்லமாட்டேன். ஊசிக்குள் இருக்கும் வகையும் ஊரில் சுற்றும் வகையும் நன்றாகப் பொருந்திய வருடங்களில், காய்ச்சலோடு டொக்டரிடம் போகவேண்டி வரும் வாய்ப்பு 40இலிருந்து 60 வீதம் வரை குறைகிறது. பொருந்தாத வருடத்தில் அதைவிடக் குறைவு. வயது போனவர்களின் உடம்பு ஊசிக்கு அவ்வளவு உசாராகப் பதில் சொல்லாது என்பதும் உண்மை. இந்த வைரசு தன் மேற்சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும். அதனால் உலக சுகாதார அமைப்பு வருடத்துக்கு இரண்டு தடவை கூடி, எந்த வகைகளை ஊசிக்குள் வைப்பது என்று தீர்மானிக்கிறது. பெப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கு, செப்டெம்பரில் தெற்குக்கு. அதற்காக வைரசைக் கண்காணிக்கும் ஆய்வுகூடங்களின் வலையமைப்பில் கொழும்பில் இருக்கும் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமும் ஒன்று. எங்கள் ஆட்களின் தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்ததையும் அங்கே சோதிக்கிறார்கள். இருந்தாலும் மாதங்களுக்கு முன்பே கணித்துச் செய்கிற வேலை. சில வருடம் பிசகும்.

அப்படியென்றால் எதற்குப் போடவேண்டும்? இதற்கு நான் அம்மாவின் கதையைத்தான் சொல்லவேண்டும். உங்களுக்குத் தெரிந்த கதை, ஆனால் நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒருநாளும் சரியாகப் பேசவில்லை.

முந்தின வருடம் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள் அம்மாவுக்குத் தடிமன். கொத்தமல்லி அவித்துக் குடித்தா, ஆவி பிடித்தா. இரண்டாம் நாள் உடம்பு முறித்துப் போட்ட மாதிரி நோகுது என்றா. நான்தான் "வெறும் தடிமன்தானே அம்மா, படுங்கோ" என்றேன். ஐந்தாம் நாள் காலை குசினி வாசலில் நிலைக்கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றா. "தம்பி, எனக்கு" என்று தொடங்கி, மூச்சு எடுத்து, "கொஞ்சம்" என்று சொல்லி, திரும்பவும் மூச்சு எடுத்தா. அந்த வசனம் முடியவேயில்லை. நகம் நீலம் பாய்ந்திருந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு இன்புளுவன்சா ஏ, அதற்கு மேல் நியூமோனியா என்றார்கள். முதல் இரண்டு நாளுக்குள் வந்திருந்தால் வைரசுக்கு எதிரான குளிசை நன்றாக வேலை செய்திருக்கும் என்றும் சொன்னார்கள். ஒன்பது நாள் ஒட்சிசன் குழாயோடு கிடந்தா. ஒன்பது நாளும் நீங்கள் பிளாஸ்கில் கஞ்சி கொண்டுவந்தீர்கள். வீட்டுக்கு வந்தபிறகும் கோணேசர் கோயில் ஏற்றத்தில் கால் வைக்க அவவுக்கு மூன்று மாதம் சென்றது.

அம்மாவுக்கு அப்போது 66 வயது, சீனி வருத்தம் கிடையாது. உங்களுக்கு 71, பதினைந்து வருடமாகச் சீனிக்குக் குளிசை. நான் பயப்படுவது காய்ச்சலுக்கு இல்லை, அதற்குப் பின்னால் வருகிற இந்த ஒன்பது நாளுக்கு. காய்ச்சல் வந்தால் சீனி கட்டுக்கடங்காமல் ஏறும். ஊசி போட்டவர்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் ஆஸ்பத்திரிக் கட்டில் வரை போகும் வாய்ப்பு குறைவு. அந்தக் குறைவுக்காகத்தான் இந்தப் பாடு.

பெரியப்பாவையும் சேர்த்து யோசியுங்கள். இருதயத்து இரத்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஸ்டென்ட் வைத்த ஆள். அதே ஒன்டாரியோவில் செய்த ஓர் ஆய்வு 2018இல் வெளிவந்தது. இன்புளுவன்சா என்று உறுதியான முதல் ஏழு நாளில் மாரடைப்பு வரும் வாய்ப்பு மற்ற நாட்களைவிட ஆறு மடங்கு என்று அதில் கண்டார்கள். அவருக்கும் ஒரு துண்டு வாங்கவேண்டும்.

ஊசியே காய்ச்சலைத் தரும் என்ற பயம் உங்களுக்குக் கொவிட் ஊசியிலிருந்து வந்தது. இரண்டாவது ஊசிக்கு இரண்டு நாள் நடுங்கிக்கொண்டு கிடந்தீர்கள், நான் மறக்கவில்லை. இது வேறு ஊசி. கையில் போடும் இந்த ஊசிக்குள் இருப்பது செத்த வைரசின் துண்டுகள்தான், அதற்கு ஃபுளூவைத் தர முடியாது. கை நோகும். சிலருக்கு ஒருநாள் இரண்டுநாள் உடம்பு நோவும் இளங்காய்ச்சலும் இருக்கும். நரம்பைத் தாக்கிக் கைகாலைத் தளரவைக்கும் கியான் பரே என்ற வருத்தம் பத்து இலட்சம் பேரில் ஒருவர் இருவருக்கு வரலாம் என்பதையும் சொல்லவேண்டும், மறைக்கக் கூடாது. முன்பு அந்த வருத்தம் வந்தவர்களும், ஏதாவது ஊசிக்கு மூச்சடைத்து மயங்கியவர்களும் டொக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். உங்களுக்கு இரண்டும் இல்லை. ஊசி போடுகிற அன்று காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடலாம்.

காசு விஷயத்தில் வாய் திறக்கவேண்டாம், அது என் பொறுப்பு. எனக்கு வேறு ஒரு கவலை. போன வருடம் எனக்கென்று ஒரு பாமசியில் இந்த ஊசியை வாங்கினேன். வெறும் சொப்பிங் பையில் போட்டுத் தந்தார்கள். நானும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டு, மத்தியான வெயிலில் பஸ்ஸுக்கு நின்று, முக்கால் மணித்தியாலம் கழித்து டொக்டரிடம் போனேன். அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது சுடுது தம்பி, நான் போடமாட்டன்" என்றார். 2 பாகைக்கும் 8 பாகைக்கும் இடையில் வைத்திருக்கவேண்டிய சாமான். உறையவும் கூடாது, சுடவும் கூடாது. காசு போனது போனதுதான். அதனால் உங்களை ஊசி இருக்கிற இடத்துக்கே கூட்டிக்கொண்டு போகப்போகிறேன். உங்கள் கண் முன்னால் குளிர்ப்பெட்டியிலிருந்து எடுக்கவேண்டும். காலாவதித் திகதியையும், எந்த வருடத்து ஊசி என்பதையும் கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கையை நீட்டவேண்டும்.

இன்னொன்று, இதை எழுதாமல் விட எனக்கு மனமில்லை. ஊசி போட்டுவிட்டோமே என்று காய்ச்சல் வந்தால் சும்மா இருந்துவிடாதீர்கள். எங்கள் ஊரில் மழைக்காலத்துக் காய்ச்சல் டெங்குவாகவும் இருக்கலாம். 2017இல் பக்கத்துக் கிண்ணியா டெங்குவால் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் நாங்கள். இந்த ஊசிக்கும் டெங்குவுக்கும் சம்பந்தமில்லை. பனடோலைத் தவிர வேறு நோக்குளிசை எடுக்காமல் இரத்தம் சோதிக்கப் போகவேண்டும்.

கொத்தமல்லித் தண்ணியையும் பனங்கட்டியையும் விடச் சொல்லவில்லை. தொண்டைக்கு அதைவிட இதமானது எனக்கும் தெரியாது.

கடைசியாக உங்கள் மருமகள். இது ஏழாம் மாதம். பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகும்வரை இந்த ஊசி போட முடியாது. தாய் இப்போது போட்டால் அந்தப் பாதுகாப்பு வயிற்றுக்குள்ளேயே பிள்ளைக்குப் போய்ச்சேரும். கர்ப்பிணிகள் எந்த மாதத்திலும் போடலாம் என்றுதான் உலக சுகாதார அமைப்பும் சொல்கிறது. அடுத்த கிளினிக்கில் மருத்துவமாதுவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறேன். மார்கழி மழைக்குள் பிறக்கும் பிள்ளையை முதலில் மடியில் வாங்கி, நெற்றியில் முகம் வைத்துக் கொஞ்சப்போவது நீங்கள்தான். உங்கள் மூச்சுத்தான் அதன் முகத்தில் முதலில் படும்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு ஓட்டோவோடு வருகிறேன். சாப்பிட்டுவிட்டு, சீனிக் குளிசையும் போட்டுவிட்டு இருங்கள். கை இறுகாத பிளவுஸ் போடுங்கள். கிளினிக் கொப்பியும் அந்தத் துண்டும் கையில் இருக்கட்டும். பெரியப்பாவின் கொப்பியையும் எடுத்துவையுங்கள். வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் வருவேன், இரண்டு பேரும் வில்லூன்றி முருகனைக் கும்பிட்டுவிட்டு வருவோம். ஆனால் வேண்டாம் என்றால் ஏன் என்று எனக்குச் சொல்லவேண்டும், தேத்தண்ணி ஊற்ற எழும்பிப் போகக்கூடாது.

அன்புடன்,
உங்கள் தங்கச்சியின் மகன்