நாலு பிள்ளை பெற்றவளுக்கும் வரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ் மருத்துவப் பக்கத்தில் சினைப்பைப் புற்றுநோய் பற்றி எழுதியிருந்தீர்கள். பிள்ளைப்பேறும் தாய்ப்பாலும் இந்த நோயின் வாய்ப்பைக் குறைக்கும் என்றது சரிதான். அதே நம்பிக்கையில்தான் நாங்கள் ஆறு மாதம் கோட்டை விட்டோம்.

என் அக்காவுக்கு 58 வயது. நாலு சுகப்பிரசவம், நாலுக்கும் தாய்ப்பால், கடைசிப் பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். மூன்றுமே வாய்ப்பைக் குறைப்பவை. போன தையில் வயிறு உப்பிசம் என்றாள். இரண்டாவது இட்லியிலேயே கை கழுவிவிடுவாள். பாவாடை நாடா பழைய முடிச்சுக்கு எட்டாமல் இடுப்பில் தடம் பதிந்து கிடந்தது. ஓமத் தண்ணீர், பெருங்காய மோர் எல்லாம் ஆயிற்று. நாங்கள் பார்த்த டாக்டர் எத்தனை பிள்ளை என்று கேட்டுவிட்டு, "அப்ப அந்தப் பயமெல்லாம் வேண்டாம்மா" என்று கேஸ் மாத்திரை எழுதினார். ஆடியில் ஸ்கேன் எடுத்தால் வயிறு முழுக்க நீர். சினைப்பைப் புற்றுநோய், மூன்றாம் நிலை.

கருமுட்டை வெடித்து வெளிவரும்போதெல்லாம் சினைப்பையின் மேற்பரப்பு காயப்படுகிறது. கர்ப்பம் அதற்கு ஓய்வு தருகிறது. எகிப்திய மருத்துவர் ஃபதல்லா 1971இல் சொன்ன விளக்கம் இது. கருத்தடை மாத்திரையும் அப்படித்தான். 21 நாடுகளின் 45 ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த கணக்குப்படி, வசதியான நாடுகளில் 75 வயதுக்குள் நூறு பெண்களில் 1.2 பேருக்கு வருவது, பத்து ஆண்டு மாத்திரை சாப்பிட்டவர்களிடம் 0.8 ஆகிறது. குறைகிறது, பூஜ்யமாகவில்லையே!

வந்த பிறகு கதை வேறு. எந்த நிலையில் பிடிபட்டது, எந்த வகைக் கட்டி, ஆபரேஷனில் மிச்சமின்றி எடுக்க முடிந்ததா என்றுதான் டாக்டர்கள் பார்க்கிறார்கள். எத்தனை பெற்றாள் என்பது அங்கே பெரிதாகப் பேசப்படுவதில்லை. கீமோ வார்டில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டில் பெண்ணுக்குப் பிள்ளை இல்லை. "அதனாலதான் வந்துச்சு" என்று மாமியார் அவள் காதுபடவே சொன்னார். இருவருக்கும் ஒரே நிலை, ஒரே மருந்து, ஒரே மொட்டைத் தலை.

அடுத்த முறை எழுதும்போது உப்பிசம், கொஞ்சம் சாப்பிட்டதும் வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர் என்பவற்றையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு மூன்று வாரம் விடாமல் இருந்தால், தீட்டு நின்ற பெண்கள் ஸ்கேன் வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்கலாம் என்றும் எழுதுங்கள். பெட்டிச் செய்தியாக வந்தாலும் போதும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மன்னார்குடி