பதினான்காம் அத்தியாயத்தில் நிற்கும் நாவல்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டிவலி குறைந்ததில் மகிழ்ச்சி. நாவல் பதினான்காம் அத்தியாயத்தில் நின்றுவிட்டது, மென்பொருள் ஏதாவது உதவுமா என்று கேட்டிருந்தாய். உதவும். பாதியில் நிற்கும் நாவலில் கோளாறு பெரும்பாலும் மூன்று நான்கு அத்தியாயம் முன்னாலேயே விழுந்திருக்கும். வேர்டு கோப்பை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது. முழுக் கதையையும் ஒரே பரப்பில் விரித்துப் பார்க்க வேண்டும். அந்த வேலைக்குத்தான் கணினி.

பழைய அத்தியாயங்கள் பாமினியில் அடித்தவைதானே? அது ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த எழுத்துரு. வேறு மென்பொருளில் ஒட்டினால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாக வரும். எழுத்துரு மாற்றும் மென்பொருளான என்எச்எம் கன்வெர்ட்டரில் போட்டு, எல்லா மென்பொருளுக்கும் பொதுவான யூனிகோடுக்கு மாற்றிவிடு. இடையிடையே ஆங்கிலச் சொற்கள் அடித்திருந்தால் அவையும் சேர்ந்து மாறி உளறலாகியிருக்கும். அவற்றைக் கையால்தான் திருத்த வேண்டும்.

பிறகு அப்சிடியன் என்ற குறிப்பெடுக்கும் மென்பொருளை இறக்கு. இலவசம். அதில் 'கேன்வாஸ்' என்று ஒன்று உண்டு, எல்லையில்லாத வெள்ளைப் பலகை மாதிரி. காலி இடத்தில் இரட்டைக் கிளிக் செய்தால் ஒரு அட்டை வரும். அட்டையின் ஓரத்திலிருந்து இழுத்து இன்னொன்றில் விட்டால் அம்புக்குறி. அந்த அம்பின் மேலும் ஒரு சொல் எழுதலாம். நமக்கு வேண்டியது அந்த ஒரு சொல்தான்.

காட்சிக்கு ஒரு அட்டை, அட்டைக்கு இரண்டே வரி. மேல் வரியில் யாருக்கு என்ன வேண்டும். கீழ் வரியில் காட்சி முடியும்போது என்ன மாறிவிட்டது. நினைவிலிருந்து எழுதாதே, கோப்பைத் திறந்து வைத்துப் படித்து எழுது. நினைவில் இருப்பது நீ எழுத நினைத்த நாவல்.

உன் அடகுக்கடைக் காட்சியையே எடுத்துக்கொள். மேல் வரி: அம்மாவின் வளையலை மீட்க அக்கா கடைக்குப் போகிறாள். கீழ் வரி: வளையல் ஏலத்தில் போய்விட்டது, ரசீதில் தம்பியின் கையெழுத்து. அருமை. அடுத்த அட்டை: கல்யாண வீட்டில் தம்பி பந்தி பரிமாறுகிறான். கீழ் வரியில் எழுத ஒன்றுமே இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள அம்பில் 'அதனால்' அல்லது 'ஆனால்' எழுத முடிகிறதா பார். முடியாது, 'அப்புறம்' மட்டும்தான் பொருந்தும். வண்டி அங்கேதான் சேற்றில் இறங்கியிருக்கிறது. அக்கா பந்திக்கே வந்து எல்லோர் முன்னாலும் ரசீதை நீட்டினால் அது 'அதனால்' ஆகிவிடும், கீழ் வரியும் தானே நிரம்பும். நாற்பது அட்டையில் ஏழெட்டு 'அப்புறம்' இருந்தால் பரவாயில்லை. மூன்று தொடர்ந்து வந்தால் படிப்பவன் புத்தகத்தை மூடிவிடுவான்.

அட்டைக்கு வண்ணம் கொடுக்கலாம். யார் கண் வழியாகக் கதை நகர்கிறதோ அவருக்கு ஒரு நிறம். நான்குக்கு மேல் வேண்டாம், ஹோலி பண்டிகை ஆகிவிடும்.

சாட்ஜிபிடி மாதிரி ஏஐயிடம் கேட்கலாமா என்றாய். 'அடுத்த அத்தியாயம் எழுதிக் கொடு' என்று மட்டும் கேட்காதே. இதுவரை படித்ததையெல்லாம் வைத்து, அடுத்து வர அதிக வாய்ப்புள்ள சொல்லைத் தேடுவது அதன் இயல்பு. ஆகவே யாருக்கும் தோன்றும் திருப்பம்தான் முதலில் வரும். சண்டையை இரண்டாம் பத்தியிலேயே சமாதானமாக்கிவிடும். உன் அக்காவின் கொங்குப் பேச்சு மேடைத் தமிழாகிவிடும். அட்டைகளை மட்டும் கொடுத்து, 'எந்த இடத்தில் காரணம் விட்டுப்போயிருக்கிறது? பதில் சொல்லாதே, கேள்வியாகக் கேள்' என்று சொல். அல்லது ஒரே முடிச்சுக்கு இருபது வழி கேட்டு, முதல் பத்தைப் படிக்காமலே நீக்கிவிடு. முழு நாவலையும் ஒட்டாதே: தமிழ் உரையை அது ஆங்கிலத்தைவிட அதிகத் துண்டுகளாக உடைத்து வாசிப்பதால் அதன் கொள்ளளவு சீக்கிரம் நிரம்பிவிடும். பிறகு முன்பகுதியை மறந்து, இல்லாத சித்தப்பாவைக் கொண்டுவந்து நிறுத்தும்.

நாவல் எழுதுவதற்கென்றே உள்ள ஸ்க்ரிவனர் நல்ல மென்பொருள், காசு கொடுக்க வேண்டும். முப்பது நாள் சோதனை உண்டு, மென்பொருளைத் திறந்த நாட்கள் மட்டும்தான் கணக்கு. திருத்துவதற்கு முன் விண்டோஸில் கண்ட்ரோலும் 5-உம் அழுத்தினால் அந்தக் காட்சியின் பழைய வடிவம் பத்திரமாக இருக்கும். ஆனால் ஸ்க்ரிவனரின் கோப்பு உண்மையில் பல கோப்புகள் அடங்கிய ஃபோல்டர். கோப்புகளை இணையத்தில் சேமிக்கும் டிராப்பாக்ஸ் அதை ஏற்றி முடிப்பதற்குள் இன்னொரு கணினியில் திறந்தால் ஒன்றுக்கொன்று முரணான பிரதிகள் உண்டாகும். 1994-இல் வந்த டிராமாட்டிகா என்ற கதை அமைப்பு மென்பொருளும் இருக்கிறது, 32,768 கதை வடிவங்களோடு. அதில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் உன் பேரன் நாவல் எழுதிவிடுவான்.

பலகையை அலங்கரித்துக்கொண்டே ஒரு மாதம் ஓட்டிவிடாதே. அட்டைகளுக்கு மூன்று மாலை போதும். நான்காம் நாள், 'அப்புறம்' விழுந்த இடத்தை மட்டும் எடுத்து 25 நிமிடம் நிறுத்தாமல் எழுது.

அட்டைகள் முடிந்ததும் படமெடுத்து அனுப்பு. அடகுக்கடைக்காரர் ஒன்பதாம் அத்தியாயத்துக்குப் பிறகு எங்கே போனார் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்