பாலாலயத்துக்கு முன் மைப்படி எடுங்கள்

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கோயில் திருப்பணி நடத்தும் குழுவினருக்கும், அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரிகளுக்கும் வணக்கம்.

எங்கள் பக்கத்துப் பழைய சிவன் கோயிலில் திருப்பணியின்போது கல்வெட்டு அழிந்தது உங்கள் காதுக்கு எட்டியிருக்கும். எந்தக் கோயில், யார் வேலை எடுத்தார்கள் என்று இங்கே எழுதவில்லை. எழுதினாலும் போன எழுத்து திரும்பாது.

நான் பள்ளியில் வரலாறு நடத்துகிறவன். பொங்கலுக்கு முன் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போனேன். கோயிலின் அடிப்பீடமான அதிட்டானத்தில் எழுத்து தேய்ந்து கிடந்தது. ஒரு பெண் கொண்டுவந்த அரிசி மாவைத் துணியில் தொட்டுத் தடவ, வெள்ளை வெள்ளையாக எழுத்து எழும்பியது. ‘வீரராமநாத’ வரை கூட்டி வாசித்துவிட்டார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் மிச்சத்தை அடுத்த முறை பார்க்கலாம் என்று கிளம்பினோம். அடுத்த முறை போனபோது அந்த வரிசை முழுவதையும் கிரைண்டரால் இழைத்து, சிமெண்ட் பூசி, காவி பெயிண்டும் அடித்திருந்தார்கள். அந்தப் பெண் சுவரைக் கையால் தடவித் தேடினாள். “சார், இங்கதானே இருந்துச்சு?”

போசள மன்னன் வீர ராமநாதன் யாரென்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1279-இல் பாண்டியன் மாறவர்மன் குலசேகரனிடம் அவனும் மூன்றாம் இராசேந்திர சோழனும் சேர்ந்தே தோற்றார்கள். சோழன் அந்த ஆண்டோடு மறைந்துபோனான். செத்தானா, பிடிபட்டானா, எங்கேனும் ஒளிந்து வாழ்ந்தானா, ஒரு வரி கிடையாது. தன் தலைநகர் கண்ணனூரை விட்ட ராமநாதன் நம் மாவட்டத்துக் குந்தாணிக்கு வந்தான். அவனுக்குப் பின் 1295 வாக்கில் மகன் விசுவநாதன் பட்டமேறினான். ஐந்தாறு வருடத்தில் அவன் பெயரும் நின்றுபோகிறது. பங்காளி மூன்றாம் வல்லாளன், பிரிந்து கிடந்த போசள நாட்டின் இரண்டு பங்கையும் ஒன்றாக்கி ஆள்கிறான். நடுவில் அந்தப் பிள்ளை என்ன ஆனான்? வல்லாளனைக் கொன்று, தோலில் வைக்கோல் திணித்து மதுரைச் சுவரில் தொங்கவிட்டிருந்ததைக் கண்ணால் கண்டு எழுதிவைக்க, பயணி இப்னு பதூதா இருந்தார். விசுவநாதனுக்கு அப்படி யாருமில்லை. அவனுக்கு இருப்பது கல் மட்டும்தான்.

ராஜா காணாமல் போனால் கதைக்காரர்கள் சுரங்கப்பாதை வெட்டுவார்கள், காவி உடுத்தி மடத்தில் உட்கார வைப்பார்கள். எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும், பிள்ளைகளை வரலாற்றுக்கு இழுத்து வருவதே அவைதான். ஆனால் எது கதை, எது நடந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்கு ஒரு கல் வேண்டும். நாங்கள் வாசித்த ‘வீரராமநாத’வுக்கு அடுத்து ‘தேவற்கு யாண்டு’ என்று அவன் ஆட்சியாண்டு இருந்ததா, ‘தேவர் குமாரர்’ என்று அவன் மகன் பெயர் இருந்ததா? இனி யாராலும் சொல்ல முடியாது. ஒரு தாளை நனைத்து ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி, மை ஒற்றி மைப்படி எடுத்திருந்தால் போதும். ஒரு காலைப்பொழுது வேலை. அதற்கு நேரமில்லையா?

நம் மயிலாடும்பாறை அகழாய்வில் கிடைத்த இரும்புக்கு பொ.ஆ.மு. 2172 என்று காலம் தெரிந்தபோது மாவட்டமே மார்தட்டியது. மண்ணுக்கடியில் கிடப்பதைத் தூரிகையால் துடைத்து எடுக்கிறோம். தரைக்கு மேலே, சாமி கும்பிடும் இடத்தில் கண்முன்னே இருப்பதை இழைத்துத் தள்ளுகிறோம். குன்றுகளைத்தான் கிரானைட்டுக்கு அறுத்துக்கொண்டிருக்கிறார்கள், முன்னோர் வெட்டிவைத்த எழுத்துமா போக வேண்டும்?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் புதுப்பொலிவு பெறுவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். கேட்பது ஒன்றே ஒன்று. திருப்பணி தொடங்குமுன் சாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றும் பாலாலயத்துக்கு நாள் குறிக்கும்போதே மைப்படிக்கும் ஒரு நாள் குறியுங்கள். மைப்படி எடுக்காத கல்லின்மேல் கிரைண்டரோ சிமெண்டோ படக் கூடாது என்று வேலை உத்தரவிலேயே ஒரு வரி சேருங்கள்.

ஆள் இல்லை என்றால் தயவுசெய்து எங்களுக்குச் சொல்லியனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும் தாளும் மையும் எடுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வந்துவிடுகிறேன்.

பணிவுடன்,
கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வரலாற்று ஆசிரியர்