பெயர் கேட்க மறந்தவருக்கு நன்றி

போன ஞாயிறு, கைவிடப்பட்ட அந்தப் பழைய ஆலையின் மேல்மாடியில், கேமராவில் கண்ணை வைத்தபடியே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தேன். "அப்படியே நில்லுங்க, கால எடுக்காதீங்க" என்று ஒரு குரல். நீங்கள்தான். திரும்பினால், என் குதிகாலுக்கு ஒரு சாண் தள்ளி மரப்பலகை கறுத்து, ஊறின அட்டை மாதிரி கிடந்தது. உங்கள் ட்ரைபாட் காலால் லேசாகக் குத்திக் காட்டினீர்கள். சத்தமே இல்லாமல் உள்ளே இறங்கியது.

அப்புறம் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தீர்கள். ஆணி வரிசை ஓடும் இடத்துக்கு அடியில்தான் உத்திரம் இருக்கும், அதன்மேல், சுவரை ஒட்டியே நடக்க வேண்டும். பழைய கட்டடத் தூசியில் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இழை இருக்கலாம், துணி மாஸ்க் அதற்குப் போதாது. இருட்டு அறையில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 100-லேயே விட்டு, ட்ரைபாடில் வைத்து ஷட்டரை 20 விநாடி திறந்து எடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். ஜன்னல் வெளிச்சம் தரையில் படர்ந்த அந்த ஒரு படம்தான் தேறியது. (நான் ஃபிளாஷ் போட்டவை எல்லாம் குப்பை.)

அனுமதி வாங்கியிருந்தேன், சரி. ஆனால் தனியாகப் போனது என் மடத்தனம். நீங்கள் திட்டக்கூட இல்லை. ரொம்ப நன்றிங்க. இறங்கும்போது கொடுத்த டார்ச் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.