மோசேயும் குறை சொன்னார்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கஷ்ட காலத்தில் கடவுளைக் குறை சொல்வது நன்றிகெட்டத்தனம் என்று உங்கள் ஆன்மிகப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தேன். பைபிளில் எகிப்தைவிட்டு வெளியேறி வனாந்தரத்தில் முறுமுறுத்த இஸ்ரவேலரை அதற்கு உதாரணமாகக் காட்டியிருந்தார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் கடிதம்.

என் கணவர் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாக இருக்கிறார். படுக்கைப் புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், ராத்திரியிலும்தான். தண்ணீர் புரையேறிவிடும் என்பதால் அதைக் கெட்டியாக்கி, ஸ்பூன் ஸ்பூனாக, விழுங்கிவிட்டாரா என்று தொண்டையைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும். பார்க்க வருகிறவர்கள், "உயிராவது மிஞ்சியதே, ஸ்தோத்திரம் சொல்லுங்கள்" என்கிறார்கள். சொல்கிறேன். நடு ராத்திரியில் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "இன்னும் எத்தனை நாள், ஆண்டவரே?" என்றும் கேட்கிறேன்.

கட்டுரையாளர் எடுத்துக்கொண்ட, பைபிளின் எண்ணாகமம் என்ற புத்தகத்தின் 11ஆம் அதிகாரத்தை இன்னும் கொஞ்சம் கீழே வரை வாசிக்கட்டும். ஜனங்கள் அவரவர் கூடார வாசலில் நின்று அழுகிறார்கள். எதற்கு? எகிப்தில் காசில்லாமல் தின்ற மீனுக்கும் வெள்ளரிக்காய்க்கும் பூண்டுக்கும். அங்கே அடிமையாகச் செங்கல் அறுத்தது மட்டும் ஒருவர் ஞாபகத்திலும் இல்லை! கடவுள் தினமும் கொடுத்த மன்னா என்ற உணவு அலுத்துவிட்டது. இதை நன்றிகெட்டத்தனம் என்றால் நான் மறுக்கப் போவதில்லை.

அதே அதிகாரத்தில், அவர்களை நடத்திக்கொண்டு போன மோசேயும் குறை சொல்கிறார். லேசுப்பட்ட பேச்சில்லை அது. இந்த ஜனத்தை எல்லாம் நானா பெற்றேன், தனியாகச் சுமக்க என்னால் ஆகாது, இப்படித்தான் செய்வீர் என்றால் என்னைக் கொன்றுவிடும் என்கிறவரைக்கும் போகிறார். ஜனங்கள்மேல் கோபப்பட்ட கடவுள் மோசேயைக் கடிந்துகொள்ளவில்லை. பாரத்தைப் பகிர்ந்துகொள்ள 70 மூப்பரைக் கொடுக்கிறார். ஜனங்கள் வாசலில் நின்று புலம்பினார்கள்; மோசே நேரே கடவுளிடமே போய்க் கேட்டார். கட்டுரை இந்த இடத்தைத் தொடவே இல்லை.

பைபிளில் எல்லாவற்றையும் இழந்து துன்பப்பட்ட யோபுவின் நண்பர்களும், ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு உட்கார்ந்திருந்த வரைக்கும் நல்ல நண்பர்கள்தான். அப்புறம்தான் உபதேசம் ஆரம்பித்தது. தான் பிறந்த நாளையே சபித்த யோபுவைக் கடவுள் கேள்விமேல் கேள்வி கேட்டது உண்மை. ஆனால் 'நீங்கள் என்னைக்குறித்து நிதானமாய்ப் (சரியாகப்) பேசவில்லை' என்று அவர் கோபித்துக்கொண்டது அந்த நண்பர்களைத்தான்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி சில ராத்திரிகளில் வந்து, "நீங்க தூங்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டு, என் கணவரைப் புரட்டும் முறையைத் தான் எடுத்துக்கொள்கிறாள். வசனம் எதுவும் சொல்வதில்லை. அடுத்த முறை அந்த 70 பேரைப் பற்றியும் உங்கள் பகுதியில் எழுதச் சொல்லுங்கள். படிப்பவர்களில் யாராவது ஒருவர், தெரிந்த வீட்டில் ஒரு ராத்திரி முறை எடுத்துக்கொண்டாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு வாசகி