அன்று நட்சத்திரம் இல்லை

அன்புள்ள கண்ணம்மா,

அடுத்த வாரம் போகிற காட்டில் போன் எடுக்காது என்று நீ சொன்னதும் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதி உயிரை வைத்துக்கொண்டு யோசித்தேன். போன் போகாத இடத்துக்கும் காகிதம் போகும். படித்துவிட்டுப் பையின் மேலறையில் போட்டுக்கொள்.

நீ போகிற மேற்கு வர்ஜீனியாவின் மோனோங்கஹேலா காட்டில் சிக்னல் கிடைக்காததற்கு மலை மட்டும் காரணமில்லை. கிரீன் பேங்கில் இருக்கும் பெரிய வானொலித் தொலைநோக்கிக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று 1958-லேயே சுற்றிலும் 13,000 சதுர மைலை 'சத்தம் போடாதே' என்று வளைத்துப் போட்டுவிட்டார்கள். வானத்தில் எங்கோ முணுமுணுப்பது கேட்க வேண்டுமாம், அதற்காக என் பெண்ணோடு நான் பேசக்கூடாது. இருக்கட்டும்.

உன் சிநேகிதி இதுவரை தங்கியதெல்லாம் கேம்ப்கிரவுண்டில் என்றாய். அங்கே குழாய் இருக்கும், கழிப்பறை இருக்கும், மேசையும் குப்பைத்தொட்டியும் இருக்கும், ராத்திரி சத்தம் போட்டால் அதட்ட ஒரு ஆளும் இருப்பார். நீங்கள் போவது பிரிமிட்டிவ் கேம்பிங். காசு இல்லை, முன்பதிவு இல்லை, 14 நாள் வரை இருக்கலாம். அதற்குமேல் அரசாங்கம் உனக்குத் தருவது தரை மட்டும்தான். இதை அவளிடம் தெளிவாகச் சொல்லிவிடு. போன இடத்தில் 'பாத்ரூம் எங்கே' என்று கேட்டால் நட்பு தாங்காது.

இப்போது ஒரு பழைய விஷயம். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், சுற்றிச் சுற்றி வருகிறேன்.

2002 ஜூலையில், உனக்கு ஏழு வயதில் நாம் மூன்று பேரும் இதே காட்டுக்குப் போனோம். 'அம்மா என்னைப் பாதி ராத்திரியில் எழுப்பி நட்சத்திரம் காட்டினாள், அதிலிருந்துதான் எனக்குக் காடு பிடித்தது' என்று எல்லாரிடமும் சொல்வாயே, அந்த ராத்திரி. உன் கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில்கூட அதை எழுதியிருந்தாய். நானும் அப்பாவும் படித்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம், ஒன்றும் பேசவில்லை.

அன்று வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

வழி தவறித் தவறி நாம் போய்ச் சேரும்போதே இருட்ட ஆரம்பித்திருந்தது. ஓடைக்கரையில் ஓர் இடம் பார்த்தோம். மெழுகிவிட்ட மாதிரி சமதளம், ஒரு கல் இல்லை, பொடி மணல். அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். கூடாரம் அடித்தாயிற்று. டார்ச் வெளிச்சத்தில் நான் ஒன்று பார்த்தேன். பக்கத்துப் புதரில், என் இடுப்பு உயரத்துக்கு, காய்ந்த குச்சியும் சருகும் வைக்கோல் மாதிரி செருகிக் கிடந்தது. எல்லாம் ஒரே பக்கம் பார்த்துப் படிந்திருந்தது. ஏதோ பறவைக் கூடு என்று நினைத்து உன்னைக் கூப்பிட்டுக் காட்டினேன். கூடு இல்லை அது. வெள்ளம் போன தடவை வந்தபோது விட்டுவிட்டுப் போன கோடு. அந்த மணல் அவ்வளவு சமமாக இருந்ததற்கும் அதுதான் காரணம். அத்தனை நன்றாக மெழுகிவிட்டது யார் என்று நாங்கள் கேட்கவே இல்லை.

நமக்கு மேலே ஒரு சொட்டு மழை இல்லை. தூரத்தில் இடி மட்டும் உருண்டுகொண்டிருந்தது. இரண்டு மணி இருக்கும், ஒதுங்குவதற்காக எழுந்தேன். ஓடையின் சத்தம் மாறியிருந்தது. சலசலப்பு போய், அடியில் கல்லோடு கல் மோதுகிற 'கடக் கடக்'. கூடார ஜிப்பைத் திறந்து செருப்புக்காகக் காலை நீட்டினேன். செருப்பு இல்லை, தண்ணீர் இருந்தது.

உன்னை ஸ்லீப்பிங் பேக்கோடு வாரி எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மேட்டில் ஏறினேன். அப்பா கூடாரத்தை முளையோடு பிடுங்கி இழுத்துக்கொண்டு வந்தார். நீ பாதித் தூக்கத்தில் 'எங்கம்மா போறோம்' என்றாய். வாயில் வந்தது நட்சத்திரம். 'நட்சத்திரம் பார்க்க' என்றேன். காருக்குள் உன்னைப் போர்த்தி உட்காரவைத்ததும் கண்ணாடி வழியாக எதையோ பார்த்து 'அதோ' என்றாய். மின்மினியாக இருக்கும். விடிந்து போய்ப் பார்த்தால் நாம் படுத்திருந்த இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு மேல் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் சொல்ல வேண்டும், சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். 2010 ஜூன் 11-ஆம் தேதி ஆர்க்கன்சாவில் வாச்சிட்டா காட்டில், ஆல்பர்ட் பைக் என்ற இடத்தில், விடியுமுன் ஆறு பெருகி, தூங்கிக்கொண்டிருந்தவர்களில் 20 பேர் போனார்கள். அது முறையான கேம்ப்கிரவுண்ட். அந்தச் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து 'என்னம்மா' என்றாய். தலைவலி என்று சொன்னேன்.

அதனால் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. வெளிச்சம் இருக்கும்போதே இடத்தை முடிவு செய்துவிடு. அக்டோபரில் பொழுது சீக்கிரம் சாய்ந்துவிடும், ஐந்து மணிக்கு மேல் ஒரு அடி நடக்காதே. அந்தப் பாழாய்ப்போன இன்னொரு வியூபாயிண்டைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் சிநேகிதி சொன்னாலும் சரி. இருட்டில் எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரியும்.

தண்ணீரிலிருந்து 200 அடி தள்ளிப் படு. நாடா வைத்து அளக்க வேண்டாம், கால் எட்டி வைத்து 70 காலடி நடந்தால் போதும். தண்ணீர் கெடாமல் இருக்கவும், அதைக் குடிக்க வரும் விலங்குக்கு நாம் குறுக்கே நிற்காமல் இருக்கவும்தான் அப்படிச் சொல்கிறார்கள். எனக்குக் காரணம் வேறு. ஏற்கெனவே யாராவது தங்கித் தேய்ந்த இடம் இருந்தால் அதிலேயே தங்கு, புதிதாகப் புல்லை மிதித்துச் சாகடிக்காதே. புதரைப் பார், செருகின குச்சி இருக்கிறதா என்று. பிறகு அண்ணாந்து பார். பட்டுப்போன மரமோ, ஒடிந்து தொங்கும் கிளையோ தலைக்கு மேலே இருந்தால் அங்கே வேண்டாம். மரம் வெட்டுகிறவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் 'விடோமேக்கர்'. நம் பேச்சில் சொன்னால் தாலியறுப்பான். ஆஷ் மரங்களைக் குடைந்து கொல்லும் பச்சை வண்டை இந்த நாட்டில் முதன்முதலில் மிச்சிகனில் கண்டுபிடித்தார்கள், நாம் போன அதே 2002-ல். இன்று நின்றபடியே செத்துப்போன ஆஷ் மரங்கள் எத்தனையோ. வீட்டிலிருந்து விறகு கட்டிக்கொண்டு போகாதே என்று சொல்வதும் இதனால்தான். அந்த வண்டு ஊர் விட்டு ஊர் போனதில் பாதி நம்மைப் போன்றவர்களின் கார் டிக்கியில்தான்.

தீ மூட்டுவதானால், கிளம்பும் முன் ரேஞ்சர் ஆபீஸுக்குப் போன் போட்டுத் தடை ஏதும் இருக்கிறதா என்று கேள். கீழே விழுந்து காய்ந்த குச்சி மட்டும்தான், உன் மணிக்கட்டைவிடத் தடிமன் வேண்டாம். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையை வைத்துப் பார். சூடு தெரிந்தால் அணையவில்லை. அந்தக் காட்டில் நீ போகிற டாலி சாட்ஸ் மேட்டில் வெறும் பாறையாகத் தெரியும் பார், அது எப்போதும் அப்படி இருந்ததில்லை. சிவப்பு ஸ்ப்ரூஸ் மரங்களை அடியோடு வெட்டி எடுத்தபின், மக்கிப்போன சருகு மண் வெயிலில் காய்ந்து தீப்பிடித்து, பாறை தெரியும்வரை மண்ணே எரிந்துபோயிற்று. அப்படி மொட்டையாகிக் கிடந்த மலைகளைத்தான் 1911-ல் ஒரு சட்டம் போட்டு அரசாங்கம் விலைக்கு வாங்கியது. 1920-ல் அது மோனோங்கஹேலா தேசியக் காடு ஆனது. இன்று 9 லட்சம் ஏக்கருக்கு மேல். யாருக்கும் வேண்டாத நிலமாகக் கிடந்தது, இப்போது உனக்கும் பங்கு உள்ள காடு. அப்பா குடியுரிமை வாங்கிய அன்று 'இனி அந்த ஓடையும் நம்முடையதுதான்' என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

டாலி சாட்ஸில் இரும்பாக ஏதாவது தரையில் துருத்திக்கொண்டிருந்தால் தொடாதே. இரண்டாம் உலகப்போரில் அங்கே பீரங்கிப் பயிற்சி நடந்தது. 1997-ல் தேடியபோதும் வெடிக்காத குண்டுகள் கிடைத்தன.

அங்கே ஓடும் ரெட் கிரீக் ஓடையைக் குறுக்கே கடக்கப் பாலம் இருக்கும் என்று நம்பிப் போகாதே. தண்ணீர் கலங்கலாக, வேகமாக இருந்தால் கரையிலேயே உட்கார். மழைத்தண்ணீர் ஏறுவதும் வேகம், வடிவதும் வேகம். கடந்தே ஆக வேண்டுமானால் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுக் கட. விழுந்தால் பை போகட்டும்.

குடிக்கும் தண்ணீரை ஒரு நிமிஷம் தளதளவென்று கொதிக்கவிட்டால் போதும். 6,500 அடிக்கு மேலே போனால்தான் மூன்று நிமிஷம், நீ இருக்கப்போவது 4,000 அடி வாக்கில். ஃபில்டர் எடுத்துப்போனால் ராத்திரி அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் உன்னோடு படுக்கவை. உள்ளே தண்ணீர் உறைந்தால் குழல்கள் விரிசல் விடும், வெளியே பார்த்தால் தெரியாது. கெட்ட தண்ணீரின் வேலை தெரிய ஒரு வாரம் ஆகும். நீ ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு மத்தியானம் சாப்பிட்ட கடையைத் திட்டுவாய்.

கழிப்பறை விஷயம் கூச்சப்படாமல் படி. இங்கேயும் அதே 70 காலடி, தண்ணீருக்கும் பாதைக்கும் கூடாரத்துக்கும் தள்ளி. ஆறிலிருந்து எட்டு அங்குல ஆழம் தோண்டி, முடிந்ததும் மூடிவிட வேண்டும். காகிதத்தைப் புதைக்காதே, ஜிப் பையில் போட்டுத் திருப்பிக் கொண்டுவா. செடிக்கு மண் கிளறும் என் சின்னக் கரண்டியைப் பார்சலில் வைத்திருக்கிறேன். பச்சைப் பிடி போட்டது. திருப்பித் தர வேண்டாம்.

அங்கே இருப்பது கருங்கரடிதான், பயந்த சுபாவம். ஆனால் மூக்கு பொல்லாதது. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, உதட்டுக்குப் பூசுவது, சோப்பு, ஜாக்கெட் பையில் மறந்துபோன சாக்லேட் காகிதம், எல்லாமே அதற்குச் சாப்பாடு. கிளையில் கயிறு போட்டுத் தொங்கவிடுகிறேன் என்று அப்பா ஒரு சாயங்காலம் முழுக்கக் கல்லைக் கட்டி எறிந்துகொண்டிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். கடைசியில் கல் மரத்திலேயே தங்கிவிட்டது, பை காருக்குப் போனது. நீ கரடியால் திறக்க முடியாத அந்த மூடி போட்ட கெட்டி டப்பாவையே எடுத்துப்போ. கூடாரத்திலிருந்து 70 காலடி தள்ளித் தரையில் வைத்துவிடு. கரடி எதிரே வந்தால் ஓடாதே. கையை உயர்த்திக்கொண்டு, என்னோடு சண்டை போடுவாயே, அந்தக் குரலில் பேசு.

எனக்குக் கரடியைவிட உண்ணிதான் பயம். கடுகளவுதான் இருக்கும், அக்டோபரிலும் அலையும். ராத்திரி படுக்குமுன் ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்க்கிற மாதிரி தலையைப் பாருங்கள். காது மடிப்பு, முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு வார் இறுகும் இடம். கடித்திருந்தால் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழு, திருகாதே. உண்ணி கடித்து வரும் லைம் நோய் ஏறப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அன்றன்றைக்குப் பார்த்துவிட்டால் பாதிக் கவலை விட்டது.

பருத்தி உடை வேண்டாம். நானா இதைச் சொல்கிறேன் என்று பார்க்காதே. நனைந்த பருத்தி காயாது, அந்த மலையில் மழையும் காற்றும் சேர்ந்தால் உறையும் குளிர்கூட வேண்டாம், உடம்பு நடுங்கியே தளர்ந்துவிடும். கம்பளியோ பாலியெஸ்டரோ போடு. படுக்கும்போது போட ஒரு செட்டைத் தனியாக ஜிப் பையில் வை, எவ்வளவு ஆசையாக இருந்தாலும் பகலில் அதை எடுக்காதே. வேட்டைக்காரர்களும் வரும் மாசம் இது. அந்தக் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறத் தொப்பியைப் போட்டுக்கொள், படத்தில் நன்றாக இருக்காது என்று கழற்றாதே.

எந்தப் பாதையில் ஏறுகிறாய், கார் எங்கே நிற்கும், கார் நம்பர் என்ன, எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எனக்குப் படம் எடுத்து அனுப்பு. அதே தாளைக் காரின் உள்ளேயும் வை, வெளியே தெரியாமல். ஞாயிறு சாயங்காலம் 6 மணிக்குள் இறங்கிவிடுவேன் என்றாய். நான் 9 வரை பொறுப்பேன். 9.01-க்கு அந்தக் கவுண்டி ஷெரிஃபுக்குப் போன் போய்விடும். அப்புறம் 'அம்மா மானத்தை வாங்கிவிட்டாய்' என்று சொல்லிப் பயனில்லை.

அப்பா பக்கத்தில் நின்று இதையெல்லாம் படித்துவிட்டு, 'அந்த நட்சத்திரத்தை மட்டும் விட்டுவைத்திருக்கலாம்' என்கிறார். அவருக்கென்ன, வெறுங்காலோடு மேடு ஏறியது நான்.

இறங்கிச் சிக்னல் வந்ததும் முதல் போன் எனக்கு. அங்கே நட்சத்திரம் தெரிந்ததா என்று சொல்.

அன்புடன்,
அம்மா