பார்க்காமல் சொல்லிப் பார்க்கட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

தேர்வுக்கு முந்தைய இரவு என் பேத்தி ஒரே பாடத்தை ஏழு தடவை வாசித்தாள். புத்தகத்தை வாங்கி மூடிவிட்டு, "இப்போ சொல்லு" என்றேன். இரண்டாவது வரியிலேயே திணறினாள். கண்ணுக்குப் பழகிய வரியை மனசு 'தெரியும்' என்று நம்பிவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்த தேர்வுக்கு, பார்க்காமல் சொல்ல வைத்தேன். இரண்டு நாள் விட்டு மறுபடியும். சிணுங்கினாள். சரி, யாருக்குத்தான் பிடிக்கும்?

எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து, படித்த சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துபோவதை 1885-இலேயே எழுதிவிட்டார். நாம் இன்னும் "நல்லா படி" என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எப்படிப் படிப்பது என்று சொல்லித்தர வாரத்தில் ஒரு பாடவேளை ஒதுக்கினால் என்ன?

இப்படிக்கு,
ஒரு தாத்தா